நாவற்பழமும் சிவப்பு ஒயினும்

(பாகூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



பாகூர் கடைத்தெருவில் யாரையாவது நிறுத்தி "ஒயின்ஷாப் எங்கேங்க?" என்று கேட்டால் உடனே கை நீட்டிக் காட்டுவார். அந்தக் கடைக்குள் போய் "ஒயின் இருக்கா?" என்று கேட்டால்தான் சிக்கல். கடைக்காரர் சற்று யோசிப்பார். பிராந்தி, ரம், விஸ்கி, பீர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நிற்கும். ஒயின் மட்டும் மேல்தட்டின் ஓரத்தில் தூசி படிந்து நாலைந்து புட்டி இருக்கும். கடைப்பெயரில் இருக்கும் சரக்கு கடைக்குள் அரிதாகத்தான் கிடைக்கும்.

புதுச்சேரியில் பாகூர், வில்லியனூர் போன்ற கொம்யூன்களின் குடிப்பழக்கம் வேறு வகை. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை உண்டு. எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் அரசு அனுமதியோடு நடக்கின்றன. ஒயின் என்றால் இங்கே பலருக்கு நினைவு வருவது கிறிஸ்துமஸ் கேக்கோடு வரும் ஒரு சின்ன டம்ளர் இனிப்பு. "ரத்தம் ஊறும், நிறம் வரும்" என்று பாட்டிமார் சொல்லும் மருந்துச் சரக்காகவும் அதற்கு ஒரு பெயர் உண்டு.

இந்த நினைப்போடு இருப்பவர் வாயில் முதன்முதலாக இனிப்பில்லாத சிவப்பு ஒயின் பட்டால் என்ன ஆகும்? பிரான்சில் குடியேறிய உறவினர் விடுமுறைக்கு ஊர் திரும்பும் வில்லியனூர் வீடுகளில் இந்தக் காட்சி புதிதல்ல. மருமகன் பெட்டியைத் திறந்து, துணிக்குள் சுற்றிவைத்த புட்டியை எடுக்கிறான். "மாமா, போர்தோ. அசல் சரக்கு." மாமா ஒரு வாய் குடிக்கிறார். முகம் சுருங்குகிறது. "என்ன மாப்பிள்ளை இது? கொட்டைப்பாக்கை மென்ன மாதிரி வாயெல்லாம் இழுக்குது. கெட்டுப்போச்சா?"

மாமா குறைதான் சொல்கிறார். ஆனால் ஒயின் ருசிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் பக்கம் பக்கமாக எழுத முயல்வதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். இன்றைய பேச்சு அந்தக் கொட்டைப்பாக்கைப் பற்றியதுதான்.

முதலில் 'டிரை' என்ற சொல். பிரெஞ்சில் அதை 'செக்' என்பார்கள். அதை 'உலர் ஒயின்' என்று பெயர்த்தால் உலர்திராட்சையில் செய்ததோ என்று தோன்றும். விஷயம் எளிது. திராட்சைச் சாற்றில் சர்க்கரை இருக்கிறது. ஈஸ்ட் அதைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை ஒரு லிட்டரில் ஒரு சதவீதச் சாராயம் ஆகும். ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்று முடித்தால் அது டிரை. லிட்டருக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை மிஞ்சக் கூடாது என்பது ஐரோப்பாவின் பொதுக் கணக்கு. வீட்டில் போடும் கிறிஸ்துமஸ் ஒயின் இதற்கு நேரெதிர். பீங்கான் ஜாடியில் கறுப்புத் திராட்சையை நசுக்கிப் போட்டு, கிட்டத்தட்ட அதே எடைக்குச் சர்க்கரை கொட்டி, ஒரு பிடி கோதுமையும் பட்டை கிராம்பும் சேர்த்து வேடு கட்டி வைப்பார்கள். அவ்வளவு சர்க்கரையையும் எந்த ஈஸ்டாலும் தின்று தீர்க்க முடியாது. மிஞ்சியதுதான் அந்த இனிப்பு.

இனிப்பு போய்விட்டால் வேறு சுவைகள் வெளியே தெரியும். அவற்றில் முந்தி நிற்பது துவர்ப்பு.

தமிழ்நாக்குக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. மேல்நாட்டுச் சுவைக் கணக்கில் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு உண்டு. துவர்ப்புக்கு அந்த வரிசையில் இடமில்லை. அதைத் தொடு உணர்வு என்று தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். நம் அறுசுவையில் அது சரிசமமாக உட்கார்ந்திருக்கிறது. சித்த மருத்துவம் அதை மண்ணும் காற்றும் சேர்ந்த சுவை என்று வகைப்படுத்தும். வாழைப்பூ, கடுக்காய், அத்திப்பிஞ்சு, மாதுளைத் தோல், நாவற்பழம் என்று அதற்கு வீட்டிலேயே உதாரணம் கிடைக்கும்.

சொல்லையே கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம். 'துவர்' என்றால் துவர்ப்புச் சுவை. அதே 'துவர்' பழந்தமிழில் சிவப்பையும் பவளத்தையும் குறிக்கும். காவியேறிய உடைக்குத் துவராடை என்று பெயர். நாஞ்சில் நாட்டில் குளித்துவிட்டுத் தலையைத் 'துவர்த்து'வார்கள், அதாவது ஈரம் போகத் துடைத்து உலர்த்துவார்கள். துவட்டும் துண்டுக்கே அங்கே 'துவர்த்து' என்றுதான் பெயர். சிவப்பு, துவர்ப்பு, உலர்வு மூன்றும் ஒரே வேர்ச்சொல்லின் அக்கம்பக்கத்தில் நிற்கின்றன. மற்ற மொழிகள் மூன்று சொல் போட்டு எழுதும் புட்டிப் பெயரைத் தமிழ் மூன்றெழுத்து அசையில் அடக்கிவிடும்போல.

நிறமும் துவர்ப்பும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. கறுப்புத் திராட்சை ஒன்றைத் தோலுரித்துப் பிழிந்து பாருங்கள், சாறு ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். சிவப்பு தோலில் இருக்கிறது. துவர்ப்புத் தரும் டானின் தோலிலும் விதையிலும் இருக்கிறது. வெள்ளை ஒயினுக்குப் பிழிந்த சாற்றை மட்டும் புளிக்க விடுவார்கள். சிவப்புக்குத் தோல், விதையோடு சேர்த்து ஒன்று இரண்டு வாரம் புளிக்க வைப்பார்கள். எழும் வாயு தோல்களை மேலே தள்ளிக் கட்டியான மூடிபோல் நிறுத்தும். அதை நாள்தோறும் அமுக்கிவிட வேண்டும், அல்லது அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே ஊற்ற வேண்டும். பிறகு பிரான்சின் போர்தோ வட்டார வழக்கப்படி 225 லிட்டர் ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடக்கும். மரமும் தன் பங்குக்குக் கொஞ்சம் துவர்ப்பும் வாசமும் கொடுக்கும்.

டானின் வாயில் என்ன செய்கிறது? எச்சிலில் வழுவழுப்புத் தரும் புரதங்கள் உண்டு. டானின் அவற்றைப் பிடித்துத் திரள வைத்துவிடுகிறது. வழுவழுப்பு போனதும் நாக்கும் கன்னமும் உரசுகின்றன. தோல் பதனிடும் தொழிலிலும் இதே வேலைதான். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பச்சைத்தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்குகின்றன. டானின் என்ற பெயரே தோல் பதனிடுவதிலிருந்து வந்தது. "வாயெல்லாம் இழுக்குது" என்று மாமா சொன்னது அறிவியல்படியும் சரி.

இனி ஊர்க்கதை. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி வில்லியனூரைத் தாண்டியதும் பிரிகிறது. ஒரு கிளை சுண்ணாம்பாறு, மற்றொன்று அரியாங்குப்பம் ஆறு. அந்த இரண்டாவது கிளையின் கரையில், காக்காயன்தோப்பை ஒட்டி இருக்கிறது அரிக்கமேடு. வில்லியனூருக்கும் பாகூருக்கும் இடையிலுள்ள அரியாங்குப்பம் கொம்யூனைச் சேர்ந்த இடம்.

1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்தில் ஒரு அலமாரியைத் துழாவிக்கொண்டிருந்தார். கையில் ஒரு ஜாடியின் கழுத்தும் நீண்ட கைப்பிடியும் தட்டுப்பட்டன. இந்தியக் குயவர் வேலை அல்ல என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயின் அனுப்பும் ஆம்போரா ஜாடி அது. எங்கே கிடைத்தது என்று கேட்டபோது பதில் புதுச்சேரிப் பக்கம் கை காட்டியது. அங்கே ழூவோ-துப்ராய் முதலான பிரெஞ்சு அறிஞர்கள் ஏற்கெனவே மணிகளும் ஓடுகளும் சேர்த்து வைத்திருந்தார்கள். பிரிட்டிஷ் அதிகாரியான வீலர் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியில் அனுமதி பெற்று 1945-இல் தோண்டினார். பிறகு 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் கே. வி. ராமனும் மறுபடி தோண்டி, வீலர் நினைத்ததைவிட அந்த ஊர் பழையது என்று காட்டினார்கள். கிரேக்கக் கடலோடி எழுதிய 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' குறிப்பிடும் பொதுகே துறைமுகம் இதுதான் என்பது பெரும்பாலோர் முடிவு.

ஜாடி எப்படி இருக்கும்? புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். இடுப்பளவு உயரம், இருபுறமும் கைப்பிடி. அடி தட்டையாக இராது, முள்ளங்கிபோல் கூம்பி நிற்கும். தரையில் நிற்காது. கப்பலின் வயிற்றில் ஒன்றன்மேல் ஒன்று செருகி அடுக்க அதுதான் தோது. ரோமர் கணக்கில் ஓர் ஆம்போரா ஏறக்குறைய 26 லிட்டர். உடைந்த துண்டு மட்டும் கிடைத்தாலும் கைப்பிடியை வைத்து ஆள் அடையாளம் சொல்லலாம். இரண்டு களிமண் கம்பிகளை ஒட்டினாற்போல் கைப்பிடி இருந்தால் அது ஈஜியன் கடலின் கோஸ் தீவு ஜாடி, அல்லது அதைப் பார்த்து இத்தாலியிலும் பிற இடங்களிலும் செய்தது. அரிக்கமேட்டு ஆம்போராக்களை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில் அத்தகைய ஓடுகளைக் கணிசமாகக் கண்டார். ஆலிவ் எண்ணெய், மீன் சாறு வந்த ஜாடிகளும் உண்டு.

அரிக்கமேட்டில் இறங்கியது இன்றைய டிரை சிவப்பு ஒயின் என்று நினைத்துவிடக் கூடாது. கோஸ் தீவு ஒயினில் கடல்நீர் கலப்பார்கள். ஓர் அடிமை சாற்றைத் திருடிவிட்டு, அளவு குறைந்தது தெரியாமல் இருக்கக் கடல்நீர் ஊற்றி நிரப்பினான், அதிலிருந்து வந்த பழக்கம் இது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அளவில் தண்ணீர் விடும் கலை அவ்வளவு பழையது. உப்பு ஒயினைக் கெடாமலும் காத்தது. ஜாடியின் உட்புறம் பைன் மரக் கீல் பூசியிருப்பார்கள், அதன் வாசமும் ஏறும். குடிக்கும்போது மேலும் தண்ணீர் சேர்ப்பார்கள். ஆக, பொதுகேயில் மூடி திறந்தபோது எழுந்தது கொஞ்சம் உப்பும் கீல் வாசமும் கலந்த மணம். அது தமிழர்க்குப் பிடிக்காமல் போகவில்லை. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள குளிர்ந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர, உண்டு இனிது வாழ்க என்று நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்திய பாட்டு புறநானூற்றில் 56-ஆவதாக இருக்கிறது.

பின்னாளில் பிரெஞ்சுக்காரர்களோடும் ஒயின் கப்பலேறி வந்தது. அது அதிகாரிகள் மேசையிலும் பட்டாளத்து மேசையிலும் தங்கியது. வில்லியனூருக்கு அது பெரும்பாலும் தேவாலயத்தின் வழியாகத்தான் தெரியும். 1877-இல் அங்கே லூர்து மாதா சுரூபம் வந்து அமர்ந்தது. திருப்பலிக்கான ஒயின் கலப்படமில்லாத திராட்சை ரசமாக இருக்க வேண்டும், கெட்டுப்போயிருக்கக் கூடாது என்பது கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம். அது சிவப்பாக இருக்க வேண்டுமென்றோ டிரையாக இருக்க வேண்டுமென்றோ எந்த விதியும் இல்லை.

பட்டாளத்தின் கதை வேறு. முதல் உலகப்போரில் பிரெஞ்சுச் சிப்பாய்க்கு நாள்தோறும் கால் லிட்டர் சிவப்பு ஒயின் படியாகக் கொடுத்தார்கள். போர் நீள நீள அது அரை லிட்டராகவும் அதற்கு மேலாகவும் உயர்ந்தது. 'பினார்' என்று சிப்பாய்கள் செல்லப்பெயர் வைத்த அது துவர்ப்பும் புளிப்புமான மலிவுச் சரக்கு. புதுச்சேரித் தமிழரும் அந்தப் படையில் இருந்தார்கள், உயிரும் விட்டார்கள். கடற்கரைச் சாலையில் 1938-இல் எழுந்த போர் நினைவுச்சின்னம் அவர்களுக்கானது. சிப்பாயைக் குறிக்கும் 'சொல்தா' என்ற பிரெஞ்சுச் சொல் இன்றும் புதுச்சேரிப் பேச்சில் இருக்கிறது.

இத்தனை பழக்கம் இருந்தும் இந்த மண்ணில் திராட்சைத் தோட்டம் எழவில்லை. காரணம் பாகூர் ஏரிக்கரையில் நின்று பார்த்தாலே தெரியும். இது நெல்லுக்கான பூமி. களிமண், தேங்கும் நீர், ஐப்பசி கார்த்திகை அடைமழை. திராட்சை வேருக்கு நீர் தேங்கினால் ஆகாது, கொடிக்குக் குளிர்காலத் தூக்கம் வேண்டும். தூக்கமில்லாத வெப்பநாட்டில் கொடியைக் கவாத்து செய்துதான் ஏமாற்ற வேண்டும். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, மழை முடிந்தபின் செப்டம்பர், அக்டோபரில் காய்ப்புக்காக இன்னொன்று. ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை.

நம் பக்கத்தில் திராட்சைக்குப் பெயர்போன இடம் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. கம்பிப் பந்தலுக்குக் கீழே கொத்துக் கொத்தாகத் தொங்கும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக்கு அதை 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது வழிவழிச் செய்தி. வெளிநாட்டில் அதன் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் என்ற வாசப்பொருள் மஸ்கட் வகைகளிலும் இருக்கிறது. 'பன்னீர்' என்று பெயர் வைத்த கம்பத்து விவசாயியின் மூக்கு தப்பவில்லை. ஆனால் தோலில் துவர்ப்பு குறைவு. தின்னவும் இனிப்பு ஒயினுக்கும் அது பொருந்தும். இழுக்கிற சிவப்புக்குப் பொருந்தாது.

அதற்குக் காபர்னே சோவின்யோன், ஷிராஸ் போன்ற வகைகள் வேண்டும். சின்ன மணி, தடித்த தோல், விதை மிகுதி. காபர்னே சோவின்யோன், காபர்னே ஃபிராங் என்ற கறுப்பு வகையும் சோவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை வகையும் போர்தோ தோட்டத்தில் தானாகக் கலந்து பிறந்த பிள்ளை என்று 1990-களில் மரபணுச் சோதனை காட்டியது. பெங்களூரை அடுத்த நந்தி மலையடிவாரத்தில் குரோவர் குடும்பம் 1988-இல் தோட்டம் தொடங்கியது. அவர்களுடைய 'லா ரிசர்வ்' ஒயின் காபர்னே சோவின்யோன், ஷிராஸ் இரண்டின் கலவை. நாசிக்கில் சூலா நிறுவனம் 1999-இல் தொடங்கி அடுத்த ஆண்டு முதல் சரக்கைக் கொண்டுவந்தது.

சரி, எதோடு சேர்த்துக் குடிப்பது?

கறிச்சோறு தின்றபின் நம்மவர் வெற்றிலைபாக்கு போடுவது எதற்காக? கொழுப்பு படிந்த வாயைப் பாக்கின் துவர்ப்பு வழித்துவிடும் என்பதற்காக. 2012-இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையத்தார், பதப்படுத்திய கொழுப்பு இறைச்சியை ஒரு கடி, தேநீர்போன்ற துவர்ப்பு நீரை ஒரு மடக்கு என்று மாறிமாறிக் கொடுத்துச் சோதித்தார்கள். வெறும் தண்ணீரைவிடத் துவர்ப்பு நீர் வாயின் கொழுப்பு உணர்வை நன்றாகக் குறைத்தது. கொழுப்பு டானினின் முரட்டுத்தனத்தையும் அடக்கியது. பந்தியின் கடைசியில் தமிழன் வைத்த துவர்ப்பைப் பிரெஞ்சுக்காரன் நடுப்பந்தியில், ஒவ்வொரு வாய்க்கும் இடையில் வைத்தான். பாக்கு புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டிருப்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கணக்கில் பாகூரின் முதல் பொருத்தம் வாத்து. அறுவடை முடிந்த வயலில் மேய்ப்பவர்கள் மந்தை மந்தையாக வாத்து விடுவார்கள். சிந்திய நெல்லும் நத்தையும் தின்று கொழுத்த வாத்தின் தோலுக்கடியில் நெய்போல் கொழுப்பு இருக்கும். பிரான்சின் தென்மேற்கில் வாத்தை அதன் கொழுப்பிலேயே வேகவைத்து, தன்னா என்ற கடுந்துவர்ப்புத் திராட்சையில் செய்த மதிரான் ஒயினோடு சாப்பிடுவார்கள். இங்கே மிளகு தூக்கலாக, மிளகாய் குறைத்து, சின்ன வெங்காயம் வதக்கிச் சுண்டவைத்த வாத்துக்கறி அதே வேலையைச் செய்யும்.

இரண்டாவது ஆட்டுக்கறி. அதிலும் வடகம் தாளித்தது. சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை இடித்து, விளக்கெண்ணெய் தடவி, வெயிலில் காயவைத்து உருட்டிய வடகம் புதுச்சேரி வழியாகப் பிரான்சுக்குப் போய் 'வடுவான்' ஆனது. இப்போது பாரிஸ் சமையல்காரர்கள் அதை ஆட்டுக்கறிமேல் தூவுகிறார்கள். கருகிய வெங்காய வாசமும் ஓக் பீப்பாய் வாசமும் நன்றாக ஒட்டும். சைவத்தில் சுட்ட கத்தரிக்காய், காளான் வறுவல், நெய் ஊற்றிய துவரம்பருப்பு ஆகியவை தாங்கும்.

ஒத்துவராதவை இரண்டு. ஒன்று காரம். மிளகாயின் எரிச்சலைச் சாராயம் தூக்கிவிடும், 14 சதவீத ஒயினோடு காரக்குழம்பு தீயில் எண்ணெய். மற்றொன்று மீன். வீராம்பட்டினத்து வஞ்சிரமானாலும் சிவப்பு ஒயினோடு சேர்ந்தால் வாயில் கவிச்சையும் இரும்பு வாடையும் நிற்கும். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதன் காரணத்தைக் கண்டார்கள். சில ஒயின்களில் மிகுதியாக இருக்கும் இரும்பு, கடல் உணவின் கொழுப்போடு சேர்ந்து அந்த வாடையை எழுப்புகிறது. மீன்குழம்புச் சோற்றுக்கு மோரே போதும்.

ஒரு விஷயத்தில் புட்டியின் லேபிளை நம்பக் கூடாது. சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' பரிமாறச் சொல்லியிருக்கும். அந்த அறை பழைய பிரெஞ்சுக் கல்வீட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. வில்லியனூரின் சித்திரை மாத அறை 35-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் சாராய நெடிதான் மூக்கில் ஏறும். குடிப்பதற்கு முன் முக்கால் மணி நேரமாவது குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். திறந்த புட்டி அங்கேயே இரண்டு மூன்று நாள் தாங்கும்.

ரத்தம் ஊறும் கதைக்கு ஆதாரமில்லை. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று 1990-களில் எழுந்த பேச்சும் பிறகு தளர்ந்துவிட்டது. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் ஒயின் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

குடிக்காதவரும் இந்தச் சுவையை அறிய ஒரு வழி உண்டு. ஆடி மாதம் வில்லியனூர்ச் சந்தையில் கூடையில் நாவற்பழம் வரும். விற்கும் அம்மா கேட்காமலே ஒரு சிட்டிகை உப்பு தூவித் தருவார். உப்பு துவர்ப்பை அடக்கும் என்பது அவருக்குத் தெரியும், பிரான்சில் சிவப்பு ஒயினோடு வைக்கும் உப்புப் பாலாடைக்கட்டியும் இதே வேலையைச் செய்கிறது. முதல் பழத்தை உப்பில்லாமல் தின்று பாருங்கள். முதலில் இனிப்பு, பிறகு புளிப்பு, நாக்கில் ஊதாக் கறை, கடைசியில் இழுப்பு. கொட்டையைத் துப்பிய பிறகும் கன்னத்தின் உட்புறம் அரை நிமிடம் இறுகி நிற்கிறதே, போர்தோவில் ஒயினுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் கண்மூடிக் காத்திருப்பது அந்த அரை நிமிடத்துக்குத்தான்.